பதினான்காம் அறையில் வருகை

நிழல்கள் தாமாக எழுந்து கல்லூரிக்கு நடந்துபோன ஆண்டு என்று வெள்ளாம்பட்டினத்தில் இன்றும் ஓர் ஆண்டைச் சொல்கிறார்கள். அது நோய்த்தொற்றின் இரண்டாம் ஆண்டு, ஆடி பிறக்கப் பன்னிரண்டு நாள் இருந்த ஒரு திங்கட்கிழமை; இடையில் திறந்த சில வாரங்களைக் கழித்துவிட்டால், கல்லூரியின் இரும்புக் கதவைப் பூட்டிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. காலை பத்து மணி தாண்டி இரண்டு நிமிடம் இருக்கும், அறைகளைப் பெருக்கவும் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடவும் வந்த அலுவலக உதவியாளர் ஞானதுரை பதினான்காம் அறையை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது, பதினாறு பெஞ்சுகளிலும் பெஞ்சுக்கு மூன்றாக நாற்பத்தெட்டு நிழல்கள் உட்கார்ந்திருந்தன, இடப்பக்கம் பெண்பிள்ளைகள், வலப்பக்கம் பையன்கள், ஆள் ஒருவரும் இல்லை. ஞானதுரை ஒருமுறை எண்ணினார், சரிதானா என்று இன்னொரு முறை எண்ணினார், வகுப்பு நடக்கும்போது பெருக்கக் கூடாது என்பதால் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மோட்டார் போடப் போனார்.

மறுநாள் ஒன்பதாம் அறையிலும் பதினொன்றாம் அறையிலும் வந்து உட்கார்ந்தன. வியாழக்கிழமைக்குள் இருபத்திரண்டு அறையும் நிறைந்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை, கணிதத்துறை எஸ்தர் மேடம் அதை அந்த வெள்ளிக்கிழமையே ஆசிரியர்களின் ஆன்லைன் கூட்டத்தில் பட்டென்று போட்டு உடைத்தார்.

"நாம பாக்காம வருகை போடுதோம். அதான் வேற ஒண்ணும் இல்ல. அறுபது கறுப்புக் கட்டம், கேமரா ஒண்ணும் கிடையாது, உள்ள யார் இருக்கா யார் இல்லன்னு யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் ஒரே தட்டு தட்டிட்டு வந்துருதோம். வந்தாச்சுன்னு நாம எழுதினா, யாராவது வரணும்லா? புள்ளைக வர முடியல, நிழல் வந்திருக்கு."

யாரும் மறுக்கவில்லை. சுவரோடு பேசி எனக்குத் தொண்டை போச்சு என்றார் ஒருவர்; கல்லூரி திறந்தாலும் இதுவே நல்லது, வேட்டியைக்கூட மாற்ற வேண்டாம் என்றார் இன்னொருவர்; பையன்கள் கேட்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு நான் மட்டும் ஏன் தயாரித்துப் பேச வேண்டும் என்று மூன்றாமவர் கேட்டார், அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். முதல்வர் கடைசியில், அறைகளில் மின்விசிறி போடத் தேவையில்லை, நிழலுக்கு வேர்க்காது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

ஊரும் அதைத் தன் வழியில் எடுத்துக்கொண்டது. ஒன்பதரைக்குக் கிளம்பும் நிழல்கள் ஒரு மணிக்குத் திரும்பிவிடும் என்று எல்லோருக்கும் பழகிப்போனதும், தாய்மார்கள் அந்நேரம் பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டார்கள், சோதனைச் சாவடிக் காவலர் பைக்கில் சுற்றுகிற பையன்களை நிறுத்தி முதலில் தரையைத்தான் பார்த்தார், "ஏல, ஒன் நிழலு அங்க ஒழுங்கா உக்காந்து படிக்கி, நீ மட்டும் இங்க என்னல சுத்துத?" என்று திட்டினார், சர்ச்சுத் தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் நிழல் கூட்டம் எதிரே வந்தால் மிதித்துவிடாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள், கல்யாணத் தரகர் ஒருவர், பத்து மணிக்கு வந்து பாருங்கள், பெண் பட்டப்படிப்புப் படிக்கிறதா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வந்தார். பிள்ளை மீன் ஏலத்தில் நின்றாலும், அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நின்றாலும், அண்ணன் கடையில் பொட்டலம் மடித்தாலும், அது படித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதில் பெற்றவர்களுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகவே ஊர் அதிகம் கேள்வி கேட்கவில்லை.

பதினான்காம் அறையின் நிழல்கள் மட்டும் ஒரு மணிக்கு எழுந்திருக்கவில்லை. சாயங்காலமும் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே இருந்தன.

அந்த அறை தாவரவியல் இரண்டாம் ஆண்டு. அதன் ஆசிரியர் ஆறுமுகநயினார், ஐம்பத்தாறு வயது, முப்பத்தொரு ஆண்டுப் பணியில் ஆறே நாள் விடுப்பு எடுத்தவர், அந்த ஆறு நாளின் தேதியையும் கேட்டால் சொல்வார். விடைத்தாளில் அரை மதிப்பெண்ணைக் கூட்ட மறந்தால் சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்துபோய்க் கூட்டிவிட்டு வருவார். அவர் நிழல் அவர் காலடியில் அடிக்கோலால் கோடு போட்டதுபோல விழும். அதனால்தான், பதினான்காம் அறை விவகாரத்தை ஆராய முதல்வர் ஒரு குழு அமைத்தபோது, "நயினார் சார்தான் தலைவர், அவரை மாதிரி ஒழுங்கு யாருக்கு இருக்கு?" என்றார், எல்லோரும் கைதட்டும் படத்தை அனுப்பினார்கள்.

நயினார் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்பது அவருக்கு முதல் நாளே தெரியும்.

பருவம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, வேலையை முன்கூட்டியே முடித்துவைக்கிற தம் பழக்கப்படி அவர் கணினியைத் திறந்து, பருவம் முழுவதற்குமான நாற்பத்தேழு வகுப்புக்கும், நாற்பத்தெட்டுப் பேருக்கும், இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தாறு வருகையையும் ஒரே அமர்வில் போட்டு முடித்துவிட்டார். மற்றவர்கள் பார்க்காமல் போட்டாலும் அன்றன்றைக்குப் போட்டார்கள், அதனால் வகுப்பு முடிந்ததும் நிழல்களுக்கு விடுதலை கிடைத்தது. நயினாரின் நிழல்களுக்குப் புரட்டாசி வரை வீடு திரும்ப இடைவெளியே இல்லை. பாடங்களையும் அவர் அப்படித்தான் முன்பே பேசிப் பதிவு செய்துவைத்திருந்தார். பத்து மணிக்குக் கணினி தானே ஒன்றை எடுத்து ஓட்டும், அவர் ஒலியைக் குறைத்துவிட்டு மாடிக்குப் போய் இருபத்து மூன்று தொட்டிச் செடிக்கும் தண்ணீர் விடுவார்.

கேட்கமாட்டார்கள் என்று அவர் முடிவு செய்திருந்தார். முப்பத்தொரு ஆண்டு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசியவனைக் கறுப்புக் கட்டத்தோடு பேசச் சொன்னால் வேறென்ன செய்வான் என்று தமக்குத்தாமே ஒருமுறை சொல்லிக்கொண்டார். இரண்டாம் முறை சொல்லிப்பார்த்தபோது அது நன்றாக இல்லை.

குழு இரண்டு முறை கூடியது. வெயில் படாமல் இருக்கப் பதினான்காம் அறைக்குப் பச்சைத் திரை போடலாம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. தலைவர் என்ற இடத்தில் நயினார் கையெழுத்துப் போட்டார்.

பதினான்கு வகுப்பு முடிந்த வெள்ளிக்கிழமை மாலை, திரைக்கு அளவெடுத்த சீட்டைக் கொண்டுவந்த ஞானதுரை நயினார் வீட்டு வாசலிலேயே நின்றார். முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, "சார், ஒரு விஷயம்" என்றார். "மூணாவது பெஞ்சுல ஓரத்துல ஒரு புள்ள நிழலு இருக்குலா, ரெட்டைச் சடை? அது எங்க தெருப் புள்ள. சந்தனமாரி. உப்பளத்துக்குப் போவுது."

"சரி."

"உப்பளத்துல நிழல் இல்லன்னா ரொம்பக் கஷ்டம் சார். வெள்ளை வெளேர்னு கெடக்கும், கங்காணியால நிமிந்து பாக்க முடியாது, குனிஞ்சு உப்புமேல விழுந்த நிழலத்தான் எண்ணுவாரு. இந்தப் புள்ளய விட்டுட்டு எண்ணிட்டாரு, நாலு நாளு. பொறவு தலையில ஒரு செவப்புத் துணியக் கட்டிவிட்டு, துணியத் தனியா எண்ணுதாங்க. அது கூடப் பரவாயில்ல. வெயில் நேரா உள்ள எறங்குது சார் அதுக்கு. மூணு தடவ மயங்கி விழுந்திருச்சு. மூணாவது தடவ பாத்திக்குள்ளேயே விழுந்து, கன்னமெல்லாம் உப்பு அறுத்திருக்கு. இன்னொரு தடவ விழுந்தா வேலைக்கு வராதன்னு சொல்லிட்டாவ. அவ அம்மைக்கும் காய்ச்சல் வந்து எழும்பாம கெடக்கா. குழுவுக்குத் தலைவர் நீங்கதானே, அதான் சொல்லணும்னு தோணிச்சு."

"பார்க்கிறேன்" என்றார் நயினார். ஞானதுரை போன பிறகுதான் அந்தச் சொல்லை இவ்வளவு நாளில் இப்போதுதான் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

அவர் கணினியைத் திறந்து, சந்தனமாரியின் பெயருக்கு நேரே இருந்த நாற்பத்தேழு வருகையையும் ஒவ்வொன்றாக 'வரவில்லை' என்று மாற்றினார். மற்ற நாற்பத்தேழு பேரைத் தொடவில்லை. எல்லோரையும் ஒரே நாளில் மாற்றினால் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும், ஒருத்திதான் என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். அந்நேரம் கல்லூரியில் மூன்றாவது பெஞ்சின் ஓரத்திலிருந்த நிழல் எழுந்து, மற்றவற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மூடிய கதவின் அடியால் நழுவி, ஒன்பது கிலோமீட்டர் நடந்து உப்பளத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஞானதுரை பிறகு சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை, வகுப்பு கிடையாது. காலை பதினொன்றரைக்கு நயினாரின் கைப்பேசி அடித்தது.

"ஐயா, வணக்கம். இரண்டாம் வருசம் சந்தனமாரி பேசுதேன்."

"ம், சொல்லும்மா. உடம்பு எப்படி இருக்கு? நிழல் வந்துவிட்டதா?"

"வந்துட்டு ஐயா. நேத்து சாயங்காலமே வந்துட்டு." கொஞ்சம் நிறுத்தினாள். பின்னால் உப்பு வாருகிற பலகைகளின் சத்தம் கேட்டது. "ஐயா, கைப்பேசிக்குத் தகவல் வந்திருக்கு. என் வருகை சுழியம்னு போட்டிருக்கு. எழுபத்தஞ்சு இல்லன்னா பரீட்சைக்கு விடமாட்டாங்கல்லா? நான் ஒரு நாளும் தப்பல ஐயா. இடுப்புல ஒரு பைக்குள்ள போட்டு போனத் தொங்க விட்டுட்டு, ஒரு காதுல மாட்டிக்கிட்டுத்தான் உப்பு வாருவேன். கங்காணியிட்ட சொல்லித்தான் வச்சிருக்கேன். பத்து மணிக்கு என்னைய யாரும் கூப்பிடமாட்டாவ."

நயினார் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"நீங்க என்ன கேட்டாலும் சொல்லியிருக்கேன் ஐயா. 'எல்லாரும் இருக்கிறீர்களா, கேட்கிறதா'ன்னு ஆரம்பத்துல கேப்பீங்கல்லா? தினமும் 'கேக்குது ஐயா'ன்னு சொல்லுவேன். நீங்க 'நல்லது'ன்னு சொல்லிட்டுத்தான் தொடங்குவீங்க."

அந்த 'நல்லது' பதிவில் இருந்தது. கேள்வி கேட்டுவிட்டு, வகுப்பு போலத் தோன்ற வேண்டுமே என்று நான்கு நொடி காத்திருந்து, எதிரே யாரும் இல்லாத அறையில் அவரே சொல்லிப் பதிவு செய்த 'நல்லது'.

"நோட்டும் எழுதியிருக்கேன். வேணும்னா படம் பிடிச்சு அனுப்புதேன். மொத மூணு நாளு மூணு பாடம். நாலாவது நாள்ல இருந்து இலைத்துளை. பதினோரு நாளா அதே பாடத்தத்தான் நடத்துதீங்க, பரீட்சைக்கு ரொம்ப முக்கியம் போலன்னு நெனச்சுக்கிட்டேன். பதினோரு தடவையும் எழுதியிருக்கேன் ஐயா."

கணினி நான்காம் பாடத்தில் சிக்கிக்கொண்டு பதினொரு நாளாக அதையே ஓட்டியிருக்கிறது. நாற்பத்தேழு பேர் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. நாற்பத்தெட்டாமவள் கேட்டாள், ஆசிரியர் தெரிந்துதான் செய்வார் என்று நம்பினாள், அதனால் அவளும் சொல்லவில்லை. அவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு கேள்விகூடக் கேட்டிருந்தேன்" என்றாள் அவள், கூச்சமாக. "தட்டச்சுப் பண்ணிப் போட்டிருந்தேன். நீங்க பாக்கல போல. வரப்புல உமிரிச் செடி நிக்குது, இந்த வெயில்லயும் வாடமாட்டேங்குது. அது பகல்ல இலைத்துளைய மூடி வச்சிக்கிடுமா ஐயா?"

"உன் வருகையைச் சரிசெய்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் இணைப்பைத் துண்டித்தார்.

மனைவி பிரமு சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் போகவில்லை. நான்காம் பாடத்தைப் போட்டு, முழு ஐம்பது நிமிடமும் உட்கார்ந்து கேட்டார். தம் குரல் என்று நம்ப முடியாத அளவுக்கு அது வேகமாகவும், யாரையும் எதிர்பாராததாகவும் இருந்தது. முடிந்ததும் இரண்டாம் முறை போட்டார். மூன்றாம் முறை போட்டபோது பிரமு வந்து தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "என்ன, ஒங்க பாடத்த நீங்களே படிக்கிறிய?" என்றாள். அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "பதினோரு தடவ எழுதிச்சாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள். திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

சந்தனமாரிக்கு மறுபடி வருகை போட்டால் நிழல் போய்விடும். போடாவிட்டால் பரீட்சை போய்விடும். மற்றவர்களுக்கும் அதே கதிதான். இரண்டும் போகாமல் இருக்க ஒரே ஒரு வழி இருந்தது, அதை அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து அறிவார்: வகுப்பே நடக்கவில்லை என்றால் அந்த மணி யாருடைய கணக்கிலும் சேராது. யார் வரவில்லை என்று எழுத வேண்டிய இடத்தில் ஆசிரியர் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை, பத்து மணிக்கு ஓடவேண்டிய பதிவை நிறுத்திவிட்டு, ஒன்பதரைக்கே அவர் கல்லூரிக்குப் போனார். முதல்வர் கிருமிநாசினியைத் தள்ளி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நயினார் சார், நீங்க மட்டுமா? எல்லாரும்தான். நீங்க ஒருத்தர் எழுதிக் கொடுத்தா நாளைக்கு மீதி இருபத்தோரு அறைக்கும் பதில் சொல்லணும். திரை போட்டாச்சுலா? கொஞ்ச நாள் போகட்டுமே."

"திரைக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன் ஐயா."

"முப்பத்தொரு வருசம். ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. பணிப்பதிவேட்டுல பதினாலு நாள் 'ஆசிரியர் வரவில்லை'ன்னு ஏறும். ஓய்வு பெறுற நேரத்துல இது தேவையா?"

"நடந்தது பதினாலு. நடக்காமலே போட்டது முப்பத்து மூன்று. எல்லாவற்றையும் அடிக்க வேண்டும்."

முதல்வர் விசைப்பலகையை நயினார் பக்கம் திருப்பிவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார், பார்க்காததுபோல.

நயினார் பதினான்கு முறை 'ஆசிரியர் வரவில்லை' என்று அடித்தார். ஒரே தட்டில் அடிக்க வழி இருந்தது. அவர் ஒவ்வொன்றாக, தேதியைப் படித்துப் படித்து அடித்தார். மீதி முப்பத்து மூன்றையும் வெறுமையாக்கினார். கடைசி நாள் வெறுமையானபோது பதினான்காம் அறையில் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. நாற்பத்தேழு நிழல்கள் நடைபாதையில் வரிசையாக வந்து, அவர் எழுந்து வந்து நின்ற வாசலைத் தாண்டின. ஒன்றும் நின்று அவரைப் பார்க்கவில்லை, ஒன்றும் வணக்கம் சொல்லவில்லை, அவர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டார். சர்ச்சுத் தெருவில் சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். சோதனைச் சாவடிக் காவலர், "இன்னைக்கு என்ன, சீக்கிரமே விட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே தடுப்பைத் தூக்கினார்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் முகம் திரையில் தெரிந்தது. வருகைப் பதிவை அவர் காகிதத்தில் கையால் கோடு போட்டு வைத்திருந்தார். நாற்பத்தெட்டுப் பெயரையும் முழுதாக, தந்தை பெயரின் முதலெழுத்தோடு கூப்பிட்டார், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் காத்திருந்தார். ஒன்பது நிமிடம் ஆனது. பதினேழு பேர் 'உள்ளேன் ஐயா' என்றார்கள். முப்பத்தொரு பேருக்கு 'வரவில்லை' என்று எழுதினார். அவர்களை ஒவ்வொருவராக மதியம் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய், எந்த நேரம் உனக்கு முடியும் என்று கேட்பதாக முடிவு செய்திருந்தார். பிறகு சொன்னார்:

"சந்தனமாரி உமிரிச் செடியைப் பற்றிக் கேட்டிருந்தாள். பன்னிரண்டு நாள் முன்னால். நான் பார்க்கவில்லை. கேள்வியையும் பார்க்கவில்லை, செடியையும் அப்படிக் கவனித்துப் பார்த்ததில்லை. பதில் எனக்குத் தெரியாது. தேடிப் படித்துவிட்டு நாளைக்கு வருகிறேன்." காகிதத்தைக் கீழே வைத்தார். "இதுவரை நடந்த பதினான்கு வகுப்பும் நான் எடுக்கவில்லை. பதிவை ஓடவிட்டுவிட்டு மாடியில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அதையும் சொல்ல வேண்டும்."

கறுப்புக் கட்டங்கள் அசையவில்லை. அப்போதுதான் ஞானதுரையிடமிருந்து கைப்பேசியில் குரல்பதிவு வந்து விழுந்தது, வகுப்பு முடிந்து கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவர் கை தவறி அமுக்கிவிட்டார், நாற்பத்தெட்டுக் கட்டமும் கேட்கும்படி அது ஒலித்தது: "சார், ஒங்க நிழலு இங்க வந்து உக்காந்திருக்கு. பத்து மணிக்கெல்லாம் வந்துட்டு. மூணாவது பெஞ்சுல, அந்தப் புள்ள எடத்துல. தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்கு. பெருக்கவா வேண்டாமா?"

நயினார் நாற்காலிக்கு அடியில் பார்த்தார். ஜன்னல் வெயில் தரையில் தடையில்லாமல் கிடந்தது. அதற்கு யாரும் வருகை போடவில்லை. அதுவாகவே போயிருந்தது.

யாரோ ஒரு பையன் சிரித்தான், சட்டென்று நிறுத்திக்கொண்டான். நயினார் திரையைப் பார்க்க முடியாமல் காகிதத்தைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்தார், தம் கையைப் பார்த்தார். அவர் அசையாமல் இருந்ததால் இணைப்பு நின்றுபோனது என்று மறுமுனையில் நினைத்திருப்பார்கள்.

"ஐயா" என்றது ஒரு குரல். பின்னால் பலகைகளின் சத்தம். "பதினாலு நாள்ல வந்துரும் ஐயா, பயப்படாதீங்க. அதுவரைக்கும் பத்து மணிக்கு வெயில்ல எறங்காதீங்க. மாடியில செடிக்குத் தண்ணி விடுததுன்னா விடியக்காலம் விட்டுருங்க. துண்ட நனைச்சுத் தலையில போட்டுக்கிடுங்க, நீத்தண்ணி நெறையக் குடிங்க. மொத நாலு நாள்தான் தலை சுத்தும், பொறவு பழகிரும்."

அவர் தலையசைத்தார். தலையசைப்பு அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை, ஏனென்றால் கொஞ்சம் பொறுத்து அவள் மறுபடியும் கேட்டாள்.

"ஐயா, இருக்கீங்களா? கேக்குதா?"

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நொடிகள் போயின. அந்த நான்கு நொடியும் எவ்வளவு நீளம் என்று அவர் அன்றுதான் அறிந்தார். பிறகு, முதலாம் வகுப்பில் எழுந்து நின்று சொன்னதுபோல, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று சொன்னார்:

"உள்ளேன் அம்மா."